அரைப் பங்கிலிருந்து தொடங்குங்கள்: சோமாலிய வரலாற்றுச் சச்சரவை இளையோருடன் வாசிக்கும் முறை

சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வெள்ளவத்தையில் என் வீட்டு மேல்மாடியில் ஏழெட்டுப் பிள்ளைகள் கூடுவார்கள். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருப்பவர்கள், கம்பஸில் படிக்கிறவர்கள், வங்கியில் வேலை பார்க்கும் ஒருத்தி. இரண்டு பேர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள், ஒரு பிள்ளை மலையகத்து ஹட்டன், மிச்சப் பேர் மருதானை, தெமட்டகொடைப் பக்கத்து முஸ்லிம் பிள்ளைகள். 26 வருடம் பாடசாலையில் வரலாறு படிப்பித்தேன். பரீட்சைக்கு வராத வரலாற்றைப் படிப்பிக்க எனக்குக் கிடைத்த வகுப்பு இதுதான்.

சோமாலியாவை, அதாவது அங்கே யார் சோமாலி, அந்த நாடு யாருடையது என்ற சச்சரவை, இதுவரை நாலு தடவை எடுத்திருக்கிறேன். முதல் தடவை குழம்பிப் போனது. 1960இல் பிரித்தானியர் ஆண்ட வடக்கும் இத்தாலியர் ஆண்ட தெற்கும் சேர்ந்ததையும் 1991இல் வடக்கு பிரிந்ததையும் சொல்லித் தொடங்கினேன். பத்து நிமிடத்தில் பிள்ளைகள் சோமாலியாவை விட்டுவிட்டு எங்கள் தீவைப் பற்றிச் சத்தம் போட்டார்கள். ஒரு தம்பி எழும்பிப் படியிறங்கிப் போனவன் இரண்டு மாதம் வரவில்லை. பிழை என்னுடையது. தொடங்கின இடம் பிழை. அதற்குப் பிறகு நான் மாற்றிக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டிலோ நூலகத்திலோ வாசிப்பு வட்டம் நடத்துகிறவர்களுக்கு உதவும்.

முதலில் மூன்று மணித்தியாலம் ஒதுக்குங்கள். ஆபிரிக்கக் கொம்பின் வெளிக்கோட்டுப் படம் ஒன்றைப் பெரிதாக எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். எல்லைக்கோடுகள் வேண்டாம், கரையும் ஜுபா, ஷெபெல்லே ஆறுகளும் போதும். பிறகு ‘சோமாலியா’ என்றால் என்ன ஞாபகம் வருகிறது என்று கேட்டு, வருவதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். பஞ்சம், கடற்கொள்ளை. 2017 மார்ச்சில் எங்கள் மாலுமிகள் எட்டுப் பேரோடு ‘ஆரிஸ் 13’ கப்பல் பிடிபட்டதைக் கட்டாயம் யாராவது சொல்வார்கள். மெலிந்த பிள்ளையைப் பள்ளியில் “சோமாலியா” என்று கூப்பிட்டதையும் சொல்வார்கள். அந்தப் பெயரில் கூப்பிடப்பட்ட ஒரு மகள் எங்கள் கூட்டத்திலேயே இருந்தாள். எழுதி முடிந்ததும் தாளை மடித்து வையுங்கள். இந்தப் பெயர்களால் அந்த மக்களை இங்கே பேசுவதில்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

இனித்தான் முறையின் மையம். சுவரில் ஐந்து எண்களை எழுதுங்கள்: 61, 61, 61, 61, 31. கூட்டினால் 275. சோமாலியப் பாராளுமன்றத்தின் கீழ்ச்சபை ஆசனங்கள் இவை. 2000ஆம் ஆண்டு ஜிபூட்டியின் ஆர்தா நகரில் நடந்த சமாதான மாநாட்டில் ஒரு பங்கீடு வந்தது. தாரோத், ஹவியே, திர், திகில்-மிரிஃப்லே என்ற நாலு பெரிய குலத் தொகுதிகளுக்கும் ஒவ்வொரு பங்கு. மற்றவர்கள் எல்லோருக்கும் சேர்த்து அரைப் பங்கு. ‘நாலரை’ என்றுதான் அந்த முறைக்கே பெயர். முதல் நாலு எண்களையும் இப்போது தொடாதீர்கள். “இந்த 31 யார்?” என்று மட்டும் கேளுங்கள்.

ஏன் அங்கிருந்து தொடங்கச் சொல்கிறேன்? ‘ஒரே இனம், ஒரே மொழி, ஒரே மார்க்கம்’ என்றுதான் சோமாலியாவைப் பற்றிப் பெரும்பாலான அறிமுகங்கள் சொல்லும். சோமாலியத் தேசியவாதிகள் பெருமையோடு சொன்னார்கள். வெளியார் திருப்பிச் சொன்னார்கள். பெரிய குலங்களின் சண்டையை மட்டும் வாசித்தால் அந்த வசனம் உடையாது, குடும்பச் சண்டைபோலத் தோன்றும், அவ்வளவுதான். அரைப் பங்குக்காரர்களின் பக்கம் போய் நின்று பார்த்தால்தான் ‘ஒரே’ என்ற சொல் யாரை வெளியே விட்டுவிட்டுக் கட்டப்பட்டது என்று தெரியும்.

படத்துக்குப் போங்கள். ஜுபா ஆற்றங்கரையில் விரலை வையுங்கள். 19ஆம் நூற்றாண்டில் இன்றைய தான்சானியா, மொசாம்பிக், மலாவி பக்கங்களிலிருந்து யாவோ, மக்குவா, சிகுவா மக்களைப் பிடித்து விற்றார்கள். அவர்களில் பலர் ஷெபெல்லேப் பள்ளத்தாக்குத் தோட்டங்களில் வேலை செய்தார்கள். தப்பினவர்கள் ஜுபாக் காடுகளில் ஊர்களை அமைத்தார்கள். அதற்கு முன்பே ஆற்றோரத்தில் கமம் செய்துகொண்டிருந்தவர்களும் உண்டு. இன்று எல்லோரையும் சேர்த்து ‘சோமாலி பண்டு’ என்கிறார்கள். ஊரில் அவர்களுக்கு வைத்த பெயர் ‘ஜரேர்’, சுருட்டை முடிக்காரர் என்று பொருள். இத்தாலியர் ஆண்டபோது வாழைத் தோட்டங்களுக்குக் கட்டாய வேலைக்கு இழுத்ததும் பெரும்பாலும் இவர்களைத்தான். முஸ்லிம்கள், பெரும்பாலோர் பேசுவது சோமாலி மொழியின் வகைகள், சிலரிடம் சிகுவா மொழி இன்னும் உயிரோடு இருக்கிறது. 1991இல் அரசு விழுந்தபோது ஆயுதமும் இல்லை, காக்க ஒரு பெரிய குலமும் இல்லை. தானியமும் நிலமும் பறிபோனது. கென்ய முகாம்களுக்கு ஓடியவர்களில் சுமார் 12,000 பேரை 2003 முதல் அமெரிக்கா குடியேற்றியது.

அடுத்து கரைக்கு வாருங்கள். மொகடிஷு, மர்கா, பராவா என்ற பழைய துறைமுகப் பட்டினங்களின் பெனாதிரி மக்கள். கடல் வணிகமும் நெசவும் மார்க்க அறிவும் அவர்கள் கையில் இருந்தன. பராவாக்காரர் பேசும் சிமினி சுவாஹிலி மொழியின் ஒரு வகை. இன்னும் தெற்கே, கிஸ்மாயு பக்கத்துத் தீவுகளில் மீன்பிடிக்கும் பஜூனிகள். அவர்கள் மொழியும் சுவாஹிலியோடு சேர்ந்ததுதான்.

இந்த இடத்தில் யாராவது, “அப்ப இவை வேற இனம், வந்தேறியள், அதுதானே டீச்சர்” என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே கபோயேக்காரரைக் கடைசிக்கு வைத்திருங்கள். மதிபான், துமால், யிபிர் என்று பிரிவுகள். தோல் வேலை, இரும்பு வேலை, முடிவெட்டு என்று தொழிலால் ஒதுக்கப்பட்டவர்கள். முகம், மொழி, மார்க்கம் எதிலும் மற்றச் சோமாலிகளிடமிருந்து வித்தியாசம் கிடையாது. ஆனால் பெரிய குலத்தவர் அவர்களோடு கலியாணம் செய்யமாட்டார்கள். செய்தால் குடும்பம் தள்ளிவைக்கும். இதைச் சொல்லிவிட்டு நான் பேசாமல் இருப்பேன். மூன்றாம் தடவை அந்த மௌனத்தில் யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவன் சொன்னான்: “எங்கட அம்மப்பாக்கு தேத்தண்ணிக் கடையில சிரட்டையிலதான் குடுத்தவங்கள், டீச்சர்.” அதற்கு மேல் யாரும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. அந்தத் தம்பிக்கு ஒரு தேத்தண்ணி ஊத்திக் கொடுத்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போனேன்.

சொற்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தமிழில் ‘சோமாலியர்’ என்று எழுதும்போது இரண்டு பொருளைக் குழப்பிவிடுகிறோம்: சோமாலி இனத்தவர், சோமாலியா நாட்டவர். கென்யாவின் காரிசாவில் பிறந்த ஒருவர் சோமாலியாக இருப்பார், ஆனால் சோமாலியா நாட்டவரில்லை. ஜுபாக்கரையில் சிகுவா பேசுகிறவர் சோமாலியா நாட்டவர். அவரைச் சோமாலி என்று அழைப்பதா என்பதுதான் வழக்கே. அதனால் எங்கள் வட்டத்தில் ‘சோமாலி’, ‘சோமாலியா நாட்டவர்’ என்று பிரித்துத்தான் பேச வேண்டும். முதலில் நாக்கு இடறும். விடாதீர்கள். தமிழ் பேசும் முஸ்லிம் வீட்டில் வளர்ந்து, தமிழரா என்று கேட்டால் ஒரு பதில், சோனகரா என்று கேட்டால் இன்னொரு பதில் வைத்திருக்கிற எனக்கு இந்தப் பிரிப்பு சின்ன விஷயமில்லை.

மொழியைப் பற்றியும் அப்படித்தான். சோமாலிக்கு லத்தீன் எழுத்தை அரசு அறிவித்தது 1972 அக்டோபரில். சியாத் பரே ஆட்சியைப் பிடித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. 1974இல் மாணவர்களைக் கிராமம் கிராமமாக அனுப்பி எழுத்தறிவித்தார்கள். பெரிய சாதனை. அதைப் பிள்ளைகளுக்குக் குறைத்துச் சொல்லக் கூடாது. அதோடு, பாடநூலுக்கு வந்தது மஹா வகை என்பதையும், ஆறுகளுக்கு இடைப்பட்ட திகில்-மிரிஃப்லே மக்களின் மாய் மொழி வெளியே நின்றது என்பதையும் சொல்லுங்கள். 2012 இடைக்கால அரசியலமைப்பு மஹா, மாய் இரண்டையும் சோமாலி என்று ஏற்றுக்கொண்டது. சிமினிக்கும் சிகுவாவுக்கும் அந்த வரியில் இடமில்லை. லத்தீனுக்கு முன்பு சோமாலிக்கென்றே ஒஸ்மான் யூசுப் கெனதித் உருவாக்கிய எழுத்துக்கு ‘ஒஸ்மானியா’ என்று பெயர். யாழ்ப்பாணத்தில் என் காக்கா படித்த கல்லூரியின் பெயரும் ஒஸ்மானியா. அந்தச் சொல்லை முதன்முதலில் வாசித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன்.

வீரர்களைப் பேச ஒரு மணித்தியாலம் வேண்டும். சையித் முகம்மது அப்துல்லா ஹஸனுக்கு இரண்டு கதிரை போடுங்கள். ஒரு கதிரையில் இருப்பவர், 1899 முதல் 1920 வரை பிரித்தானியரை எதிர்த்து நின்றவர், ஒப்பற்ற கவிஞர், தலேக் கோட்டையை அடக்க ஆங்கிலேயர் விமானத்தில் வந்து குண்டு போட வேண்டியிருந்தது என்று பேசட்டும். மற்றக் கதிரையில் இருப்பவர், சையிதின் தர்வேஷ் படை சூறையாடிய ஒட்டகங்களின் சொந்தக்காரராக, இஸாக் குலத்து மூதாட்டியாகப் பேசட்டும். பிறகு ஆட்களை மாற்றி உட்காரவையுங்கள். இரண்டும் நடந்தவைதான். 1960க்குப் பிறகு தேசத்துக்கு ஒரு வீரர் தேவைப்பட்டபோது முதல் கதிரையின் கதைதான் சிலையானது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

இமாம் அகமதுவின் வழக்கு வேறு மாதிரி. அதல் சுல்தானகத்தின் தளபதி. 1529இல் ஷிம்ப்ரா குரேயில் எத்தியோப்பிய அரசனைத் தோற்கடித்தவர். 1543இல் போரில் இறந்தவர். எத்தியோப்பியருக்கு உதவியாக வந்த துப்பாக்கிக்காரர் போர்த்துக்கேயர். அதே நூற்றாண்டில் கொழும்பில் கோட்டை கட்டியவர்களும் அவர்கள்தான், அதைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். இமாம் சோமாலி இனத்தவரா, ஹராரி இனத்தவரா, வேறா என்று இன்றும் சண்டை. அவருடைய படையில் சோமாலிகள் இருந்தார்கள் என்பதில் தகராறு கிடையாது. அவருடைய சொந்தப் பூர்வீகத்தில்தான் தகராறு. இந்தச் சண்டையில் தீர்ப்புச் சொல்ல முயலாதீர்கள். “அவர் தன்னை எதனால் அறிமுகப்படுத்தியிருப்பார்?” என்று கேளுங்கள். மார்க்கத்தாலும் சுல்தானகத்தாலும் என்றுதான் பதில் வரும். இன்றைய இனப்பெயரை 500 வருடம் பின்னால் கொண்டுபோய் ஒட்டும்போது யாருக்கு என்ன கிடைக்கிறது என்பது அடுத்த கேள்வி.

பழைய பயணிகளின் குறிப்பைக் காட்டிச் சண்டை பிடிப்பவர்களுக்கு ஒரு பயிற்சி. இப்னு பதூதா 1331இல் மொகடிஷுவில் இறங்கினார். அங்கே சுல்தான் பூர்வீகத்தில் ‘பர்பரா’ மக்களைச் சேர்ந்தவர், பேசுவது ‘மக்தஷி’, அரபும் தெரியும் என்று எழுதினார். மக்தஷி என்றது சோமாலியையா சுவாஹிலியையா? நகரம் யாருடையது என்ற வழக்கே அந்த ஒரு சொல்லில் தொங்குகிறது. இதே மனிதர் 1344இல் எங்கள் தீவுக்கும் வந்தார். புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்ததாக எழுதியிருக்கிறார். அதை வைத்து இங்கே எத்தனை பேர் எத்தனை எல்லை கீறினார்கள் என்று தெரியும். கொழும்பில் ஜாலஸ்தி என்ற கடல் அதிகாரி இருந்தார், அவரோடு 500 அபிசீனியர் இருந்தார்கள் என்பதும் இப்னு பதூதாவின் எழுத்துத்தான். அந்த வரியை வைத்துக் கொழும்பு யாருக்குச் சொந்தம் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. மூன்று குறிப்பையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுங்கள். ஒரு பயணி கேட்டு எழுதிய வரி எவ்வளவு பாரம் தாங்கும் என்று பிள்ளைகளே சொல்லட்டும்.

பூர்வீகக் கதைகளில் மரியாதை தேவை. சோமாலிப் பிள்ளைகள் தகப்பன், பாட்டன், பூட்டன் என்று தலைமுறைப் பெயர்களை மனப்பாடமாகச் சொல்வார்கள். ‘அப்திர்ஸி’ என்பது அதன் பெயர். பல குலங்களில் அந்த வரிசை அரபு நாட்டிலிருந்து வந்த ஒரு ஷேக்கில் போய் முடியும். மொழியோ ஒரோமோ, அஃபார், ரெண்டில்லே மொழிகளின் உறவான குஷிட்டிக் மொழி. மொழியியல் அதன் வேரைத் தெற்கு எத்தியோப்பியா, வட கென்யாப் பக்கம் காட்டுகிறது. இதைக் கையில் எடுத்துக்கொண்டு ‘உங்கள் மூதாதை பொய்’ என்று சொல்ல வேண்டாம். எங்கள் சோனகக் குடும்பங்களிலும் அரபுக் கப்பல் கதை இல்லாத வீடு இல்லை. என் வாப்பா சொன்ன கதையை நான் இன்றும் அன்போடு வைத்திருக்கிறேன். அந்த வரிசையில் பெயர் சேர்க்கப்படாதவருக்கு நிலமும் சாட்சியும் கிடைக்குமா என்பதுதான் பேச வேண்டிய விஷயம். பெரிய குலத்தின் பெயரை இரவல் வாங்கி அதன் நிழலில் வாழ்கிறவரை ‘ஷேகத்’ என்பார்கள். பண்டு மக்களில் பலர் அப்படி வாழ்ந்தார்கள். ஆகவே யார் எந்தக் குலம் என்ற எண்ணிக்கையே வழுகும்.

எண்ணிக்கை என்றதும் ஹட்டன் பிள்ளையைப் பார்ப்பேன். 1911 கணக்கெடுப்பில்தான் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று தனித்தனிக் கட்டம் போட்டார்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது அந்தக் கட்டம் அவளுடைய பாட்டனுக்கு வாசலானது, மூடிய வாசல். கட்டம் போட்டவர் கையில் அதிகாரம் இருக்கிறது என்பதை அவளைவிட நன்றாக நான் விளக்க முடியாது. அவளையே விளக்க விடுங்கள். நாலரையின் அரையும் அப்படி ஒரு கட்டம்தான். அது யாருடைய தலையை எண்ணியும் வந்ததில்லை, பேரம் பேசி வந்தது.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் சோமாலியக் கொடியின் நட்சத்திரத்தை வரையுங்கள். 1954இல் வந்த கொடி. நீல நிறத்தில் ஐந்து முனை வெள்ளை நட்சத்திரம், சோமாலிகள் வாழும் பகுதிக்கு ஒரு முனை. பிரித்தானியச் சோமாலிலாந்து, இத்தாலியச் சோமாலியா, ஜிபூட்டி, எத்தியோப்பியாவின் ஒகடேன், கென்யாவின் வடகிழக்கு. 1960 ஜூன் 26இல் வடக்கு விடுதலை, ஜூலை 1இல் தெற்கோடு சேர்க்கை. 1977-78 ஒகடேன் போர். 1988இல் வடக்கின் பெரிய நகரான ஹர்கெய்சாவை அதே ஊர் விமான நிலையத்திலிருந்து எழும்பிய அரசு விமானங்கள் தாக்கின. அப்போது விழுந்த மிக் விமானம் ஒன்று இன்று நகர நடுவில் நினைவுச்சின்னமாக நிற்கிறது. 1991 மே 18இல் சோமாலிலாந்துப் பிரகடனம். தேதிகளை வேகமாகச் சொல்லிவிட்டு, சோமாலிலாந்து தன்னுடையது என்று சொல்லும் லாஸ் அனோத் ஊரில் விரலை வையுங்கள். 2023இல் அங்கே துல்பஹந்தே குலத்தவர் சோமாலிலாந்துப் படையோடு சண்டை பிடித்தார்கள். அவர்களுக்குப் பிரிவில் விருப்பமில்லை. பிரிந்துபோனவருக்குள்ளும் பிரிவை ஏற்காதவர் இருக்கிறார் என்று அந்த ஒரு ஊர் சொல்லிவிடும்.

எங்கள் நாட்டோடு ஒப்பிடுவதைக் கடைசி அரை மணித்தியாலத்துக்குத் தள்ளுங்கள். அதற்கும் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறேன்: ஒப்பிட விரும்புகிறவர் தன் ஆட்கள் வேறொருவருக்குச் செய்ததிலிருந்து தொடங்க வேண்டும், தனக்கு நடந்ததைப் பிறகு சொல்லலாம். இந்த ஒழுங்கைப் போட்டபின் வீட்டில் சத்தம் குறைந்தது. நானும் அதற்குக் கட்டுப்பட்டவள். எங்கள் சோனகத் தெருவில் துப்புரவு வேலைக்கு வந்தவர்களை எங்கள் வீட்டுப் படிக்கு மேலே ஏற்றவில்லை என்று சொல்லித்தான், 1990 அக்டோபர் 30இல் ஆயுதத்தோடு வந்தவர்கள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களான எங்களுக்கு ஊரை விட்டு வெளியேற இரண்டு மணித்தியாலம் கொடுத்ததைச் சொல்வேன். எனக்கு அப்போது 19 வயது. உம்மா அடுப்பில் இருந்த சோற்றை இறக்கி மூடி வைத்துவிட்டு வந்தா.

புத்தளம் முகாமில் இருந்த வருடங்களில் சிரம்பியடிப் பக்கத்துக் காப்பிரிக் குடும்பம் ஒன்று எங்களுக்குப் பழக்கம். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் கொண்டுவந்த ஆபிரிக்கரின் வழி வந்தவர்கள். கலியாண வீட்டில் மஞ்சா பாடுவார்கள்; பாட்டில் போர்த்துக்கேயக் கிரியோல், வீட்டில் சிங்களம். அவர்களை ‘இலங்கையர்’ என்ற சொல்லுக்குள் வைத்து அதற்கு முன் நான் நினைத்ததில்லை. வரலாறு படிப்பிக்கப் போகிற ஒருத்தி நினைக்கவில்லை.

அதனால் வகுப்பு முடிந்த அடுத்த வாரம் பிள்ளைகளைக் கொம்பனித்தெருவுக்கு அனுப்புங்கள். ஒல்லாந்தக் கொம்பனி தன் ஆபிரிக்க அடிமைகளை இரவில் அடைத்து வைத்த இடம். ஆங்கிலத்தில் அதற்கு ‘ஸ்லேவ் ஐலண்ட்’ என்று நீண்ட காலம் பெயர் இருந்தது. தமிழ்ப் பெயரில் கொம்பனி இருக்கிறது, அடிமைகள் இல்லை. ஏரிக்கரையோடு நடந்து போய், கடைக்காரர், பள்ளிவாசல் பெரியவர், ரயில் நிலையத்தில் நிற்பவர் என்று மூன்று பேரிடமாவது அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டு, சொன்னதை அப்படியே எழுதிவரச் சொல்லுங்கள். எழுதிவந்த தாள்களை 61, 61, 61, 61, 31 என்ற எண்களுக்குப் பக்கத்தில், 31க்குக் கீழே ஒட்டுங்கள். போனமுறை ஒட்டியவை இன்னும் என் மேல்மாடிச் சுவரில் இருக்கின்றன. ஹட்டன் பிள்ளை தன் தாளின் அடியில் கென்யாச் சோமாலிகளுக்கு 1963இல் என்ன நடந்தது என்று கேட்டு எழுதியிருக்கிறாள். வருகிற மாதம் அதை எடுக்கிறோம்.